எட்டு மடங்கு காவிரி: மலைக்கோட்டை உச்சியில் ஒரு பைனாகுலர்

முப்பத்திரண்டு ஆண்டுகள் கோணம் அளக்கும் தியோடலைட் கருவியில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தவன் நான். நில அளவர் வேலை. இடது கண்ணை இடுக்கி, வலது கண்ணால் குறுக்குக் கம்பியைப் பார்த்துப் பார்த்து அதுவே முகபாவமாகிவிட்டது. ஓய்வு பெற்று, வலது கண்ணில் புரை அறுவையும் முடிந்தபிறகு, இரண்டு கண்களாலும் பார்க்கும் ஒரு கருவி வாங்கவேண்டும் என்று தோன்றியது. எதைப் பார்க்க என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. திருச்சி மலைக்கோட்டை உச்சியில் பிள்ளையார் கோவிலைச் சுற்றி வந்து வடக்கே திரும்பினால் தெரியும் காவிரியைப் பார்க்க.

வடக்கு ஆண்டார் வீதியில் பிறந்தவன். மலை எங்கள் வீட்டு மாடியின் மேல் கவிந்து நிற்கும். அந்தக் காட்சியை ஏழு வயதிலிருந்து பார்த்துவருகிறேன். ஆனாலும் பைனாகுலர் வைத்துப் பார்த்தபிறகுதான் எது போயிற்று, எது வந்தது என்பது எனக்குக் கணக்காகப் புரிந்தது. ஆகவே இது கருவியைப் பற்றிய விமரிசனம்தான் என்றாலும், அந்த ஓர் இடத்தில் வைத்துச் சோதித்த விமரிசனம்.

நான் வாங்கியது 8x42 வகை. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்பக்க லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். கடைக்காரர் 10x50 வகையைத்தான் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறவேண்டாம் என்று வாங்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உருவத்தைப் பத்து மடங்காக்கும் கருவி கை நடுக்கத்தையும் பத்து மடங்காக்கும். மலையுச்சியில் காற்று எப்போதும் இருக்கும். ஆடியில் வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கவேண்டும். முக்காலி இல்லாமல் கையில் பிடித்துப் பார்ப்பவருக்கு எட்டு மடங்குதான் எல்லை. நாற்பத்திரண்டை எட்டால் வகுத்தால் ஐந்தேகால் வருகிறது. கண்ணுக்குள் விழும் ஒளிக்கற்றையின் அகலம் அது, மில்லிமீட்டர் கணக்கில். விடிகாலை மங்கலில் இந்த ஐந்தேகாலின் அருமை தெரியும்.

விலை ஒன்பதாயிரத்துச் சில்லறை. எடை முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

முதல் ஏற்றம் சித்திரையில். காலை ஆறரைக்குக் கீழே மாணிக்க விநாயகரைக் கும்பிட்டு, செருப்பை விட்டுவிட்டு ஏறினேன். பதினொரு வயதுப் பேத்தியும் கூட வந்தாள். நானூறுக்கும் மேற்பட்ட படிகள். பாதி வழி பாறையைக் குடைந்த சுரங்கம் போல நிழலாக இருக்கும். தாயுமானவர் சன்னிதியைத் தாண்டியபின் திறந்த பாறை. எட்டரைக்கு மேல் அந்தப் பாறையில் வெறுங்காலை வைக்க முடியாது. சித்திரையில் போகிறவர்கள் எட்டுக்குள் இறங்கிவிடுவது நல்லது.

உச்சிக்குப் போகுமுன் பல்லவர் குடைவரையில் நின்றோம். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்தது. உள்ளே கங்காதரர் சிற்பம்: விரித்த சடையில் கங்கையைத் தாங்கும் சிவன். அதன் இரு பக்கத் தூண்களிலும் கிரந்த எழுத்தில் வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. அதில் உள்ள ஒரு செய்தியை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மெய் சிலிர்க்கும். பூமியில் ஒரு கோவிலுக்குள் நின்றுகொண்டு சோழரின் பெருவளத்தையும் காவிரியாற்றையும் நான் எப்படிக் காண்பேன் என்று சிவபெருமான் கேட்டாராம். அதற்காக குணபரன், அதாவது மகேந்திரன், மேகத்தைத் தொடும் இந்த மலைக்கோவிலை அவருக்குக் கொடுத்தானாம். இன்னொரு பாட்டு அதைவிட அழகு. ஆறுகள் மேல் ஆசை கொண்டவர் சிவன். கண்ணுக்கு இனிய நீரும், சோலைகளை மாலையாகச் சூடிய அழகும் உள்ள காவிரியைக் கண்டால் மனத்தைப் பறிகொடுத்துவிடுவாரோ என்று அஞ்சிய மலைமகள், பிறந்த வீட்டை விட்டுவந்து இந்த மலையிலேயே நிலையாகத் தங்கிவிட்டாளாம். இந்த ஆறு பல்லவனுக்கு உரியவள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாளாம்.

ஆற்றங்கரையில் கோவில் கட்டிய ஊர்கள் நம் நாட்டில் எத்தனையோ உண்டு. ஆற்றைப் பார்ப்பதற்காகவே கடவுளுக்கு ஓர் இடம் அமைத்தோம் என்று ஓர் அரசன் கல்லில் எழுதிவைத்தது எனக்குத் தெரிந்து இங்கேதான். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக இந்த மலைக்கு உள்ள வேலை அந்தப் பார்வைதான்.

கருவியின் முதல் சோதனை இந்தக் குடைவரையில் நடந்தது. பைனாகுலரை எல்லோரும் தூரத்துப் பொருளுக்கு என்றே நினைக்கிறோம். என்னுடையது இரண்டரை மீட்டர் தொலைவு வரை குவியும். உள்ளே வெளிச்சம் குறைவு. தள்ளி நின்று தூணை நோக்கிக் குவியச் சக்கரத்தைத் திருப்பினேன். சாம்பல் கறையாகத் தெரிந்த பரப்பிலிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலெழுந்தன. உளி இறங்கிய விளிம்பில் படிந்திருந்த எண்ணெய்க் கறுப்பும், ஓர் எழுத்தின் வளைவில் ஒட்டியிருந்த குங்குமப் பொடியும் தெரிந்தன. நான் வாசிக்கத் தெரிந்தவன் அல்ல. ஆனால் இத்தனை ஆண்டுகளில் அந்த எழுத்தின் உருவத்தை ஒருமுறையும் இப்படிப் பார்த்ததில்லை. இந்த ஒரு நிமிடத்துக்கே பணம் செரித்துவிட்டது.

பிறகு உச்சி. வடக்குப் பக்கம் கைப்பிடிச் சுவரில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, மூச்சை மெல்ல விட்டுப் பார்த்தேன். தியோடலைட்டில் கற்ற பழக்கம் அது: மூச்சை இழுக்கும்போது பார்க்கக்கூடாது.

ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் இங்கிருந்து மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். எட்டு மடங்கில் அது நானூறு மீட்டரில் நிற்பதுபோல வருகிறது. மலையின் உயரம் தரையிலிருந்து 273 அடி, கோபுரம் 236 அடி. ஆகவே கோபுரத்தின் உச்சி ஏறத்தாழ நம் கண்மட்டத்தில், கொஞ்சம் தாழ்வாக நிற்கிறது. அண்ணாந்து பார்க்கவேண்டிய கோபுரத்தை இப்படி நேருக்கு நேர் பார்க்கும் இடம் வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தெற்கு நோக்கிய கோபுரம், நாமோ அதற்குத் தெற்கே. அதனால் உச்சியின் முழு நீளமும் நமக்கு விரிந்து தெரியும்.

பேத்தியிடம் கொடுத்தேன். "கலசம் எத்தனை என்று எண்ணிச் சொல் கண்ணு" என்றேன். கண்ணிடை அகலத்தை அவள் முகத்துக்கு ஏற்ப மடக்கிக் கொடுக்கவேண்டியிருந்தது. சின்ன முகத்துக்கும் பொருந்தியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா பைனாகுலரும் அந்த அளவுக்கு மடங்குவதில்லை.

"பன்னிரண்டு தாத்தா."

"கையைச் சுவரில் ஊன்று. அவசரப்படாமல் இன்னொரு முறை எண்ணு."

நேரம் எடுத்துக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. "பதிமூன்று!"

பதிமூன்று நிலை, பதிமூன்று கலசம். சரிதான்.

அவளுக்கு அந்தக் கோபுரம் என்றைக்கும் அங்கே இருப்பது. எனக்கு அப்படியில்லை. 1987 மார்ச்சில் குடமுழுக்கு நடந்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது. அதற்கு முன் நான் பார்த்ததெல்லாம் மொட்டைக் கோபுரம்தான். நாயக்கர், விஜயநகரக் காலத்தில் தொடங்கி அடித்தளத்தோடு நின்றுபோன கல்கட்டடம் நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே கிடந்தது. என் சிறுவயதில் உச்சியில் நின்றால் ஸ்ரீரங்கம் என்பது ஒரு தென்னந்தோப்பு. நடுநடுவே உள் கோபுரங்களின் தலைகள் தெரியும். அவ்வளவுதான். 1792இல் இங்கு வந்து மலைக்கோட்டையை வரைந்த தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் இருவரும், 1858இல் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து படம் எடுத்த லின்னேயஸ் டிரைப்பும் இந்த உச்சியில் நின்றிருந்தால் அவர்கள் கண்ணுக்கும் அந்தத் தோப்புதான் தெரிந்திருக்கும். இன்று திருச்சி என்றதும் தபால் அட்டையில் வரும் அந்தக் காட்சியில் எல்லாவற்றிலும் பழையதாகத் தோன்றும் பொருள் உண்மையில் என் கல்யாணத்துக்குப் பிறகு எழுந்தது.

பைனாகுலரின் முதல் குறையும் கோபுரத்தில்தான் தெரிந்தது. வெளுத்த வானத்தின் முன்னால் கலசங்களின் விளிம்பில் ஊதா நிறத்தில் ஒரு மெல்லிய கீற்று. விலை கூடிய லென்ஸ்களில் இது குறைவாக இருக்கும். இந்த விலைக்கு இவ்வளவு வரத்தான் செய்யும். நடுப்பகுதியில் உருவம் கத்தி போலக் கூர்மை. ஓரத்தில் ஒரு விரல்கடை அகலத்துக்கு மங்குகிறது. கோபுரத்தை நடுவில் வைத்துப் பார்க்கிறவருக்கு அது இடைஞ்சல் இல்லை.

கோபுரத்திலிருந்து மெல்லக் கீழே இறக்கினேன். ஆறு.

சித்திரை காவிரியைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. வெறும் கண்ணால் பார்த்தால் மணல்வெளி என்று நினைத்துத் திருப்திப்படலாம். பைனாகுலர் அந்தச் சலுகையைத் தராது. மணல் என்று நினைத்த இடத்தில் பாதி நாணல். நாணலுக்கு நடுவே சீமைக் கருவேலம் மரமாகவே நின்றது. குட்டையாகத் தேங்கிய நீரின் மேல் ஆகாயத்தாமரை. ஒரு வாய்க்கால் அளவுக்கு ஓர் ஓட்டம், அதில் இரண்டு நாரை. பாலத்துத் தூண்களில் பழைய வெள்ளத்தின் கறைக்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, அளவுகோலில் கோடு போட்டதுபோல இருந்தன.

நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது கோடையில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டுவோம். முழங்கை ஆழத்தில் நீர் கசியும். அம்மா அதைத் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவாள். வறண்ட மாதத்திலும் அந்த மணல் தன் வயிற்றில் ஆற்றை வைத்திருந்தது. மேலே மேட்டூர் அணை வந்தபின் புதிய வண்டல் வருவது குறைந்தது. கீழே லாரி லாரியாக மணல் போனது. வரவு நின்று செலவு மட்டும் நடக்கும் வீடு என்ன ஆகும்? லென்ஸ் வழியே அந்தப் பாத்திகளையும் பள்ளங்களையும் பார்க்கும்போது, அளவெடுத்துப் பழகிய மனசு தானாகவே மட்டம் போட்டுப் பார்த்து நொந்துபோகிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். மலையுச்சியில் நின்று பார்க்கும் காவிரி இயற்கையாக ஓடிக்கொண்டிருந்த காவிரி அல்ல. அது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மாறிவிட்டது. மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி, வடகிளை கொள்ளிடம், நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. கொள்ளிடம் தாழ்ந்தது, சரிவு கூடியது. அதனால் தண்ணீர் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போனது. காவிரியில் மணல் மேடிட்டு, தஞ்சை வயல்கள் காய ஆரம்பித்தன. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836 முதல் 1838 வரை கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டித் தண்ணீரைக் காவிரிக்குத் திருப்பினார். அதன்பின் காவிரியில் தேவைக்கு மேல் பாய்ந்து, அதற்கும் ஒரு தடுப்பு போடவேண்டிவந்தது. அன்றிலிருந்து பாசனத்துக்கு அளந்து விட்ட நீர் காவிரிக்கு, மிஞ்சும் வெள்ளம் கொள்ளிடத்துக்கு. 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் அளப்பது இன்னும் மேலே, இருநூறு கிலோமீட்டருக்கு அருகில், நடக்கிறது. மகேந்திரன் பார்த்ததும், தாயுமானவர் கதையில் வருவதும் அளவுக்குள் அடங்காத ஆறு. பேறுகாலம் நெருங்கிய மகளிடம் போகத் தாயால் முடியாதபடி காவிரியில் வெள்ளம் புரண்டது. சிவனே தாயாக வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்தபோது வீட்டில் இரண்டு தாய்கள். அந்தக் கதையே பிறந்திராது, அந்நாளில் மேட்டூரில் மதகு இருந்திருந்தால்.

வடக்கே ஸ்ரீரங்கத்துக்கும் அப்பால் வெள்ளைக் கோடாகக் கொள்ளிடம் தெரியும். வெறும் கண்ணுக்கு அது பெரும்பாலும் தெரியாது. பைனாகுலர் அதைப் பிரித்துக் காட்டியது எனக்குப் பெரிய சந்தோஷம். 2018 ஆகஸ்ட்டில் மேட்டூரிலிருந்து இரண்டு லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டபோது அந்தக் கோடு பொங்கியது. முக்கொம்பில் கொள்ளிடக் கதவணையின் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. 1928இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் சரிந்தன. அடங்கிப்போனதாக நாம் நினைத்த ஆறு ஒரு வாரம் பழைய ஆறாக இருந்தது.

தெற்கேயும் மேற்கேயும் திருப்பிப் பார்த்தேன். அதிகம் சொல்ல இல்லை. காலடியில் தெப்பக்குளம், அதற்கு அப்பால் லூர்து மாதா கோவிலின் ஊசிக் கோபுரம், அதன் உச்சியில் சிலுவை, எல்லாம் கைக்கெட்டும் தூரம் போல. கோட்டை மதில் மட்டும் எங்குமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். மரம் வைத்த சாலை போட்டார்கள். பூலிவார்டு என்ற அந்நியச் சொல் நம் வாயில் விழுந்து மேலப்புலிவார்டு சாலை, கீழப்புலிவார்டு சாலை ஆகிவிட்டது. மேலிருந்து பார்த்தால் அந்தச் சாலைகளின் வளைவில் அகழியின் வரைபடம் அப்படியே இருக்கிறது. நில அளவர் கண்ணுக்கு அது தப்பாது. 1752இல் இந்தக் கோட்டையை முற்றுகையிட்டிருந்த பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா ஸ்ரீரங்கம் தீவில் படையோடு ஒதுங்கி, அங்கேயே சரணடைந்தார். அந்த நாட்களில் இந்தக் கோட்டைக்குள் இருந்தவர்கள் ஆற்றைப் பார்த்த பார்வையில் பயம் இருந்திருக்கும்.

என் தொழிலின் பெரியவர் ஒருவரையும் இங்கே நினைத்துக்கொண்டேன். வில்லியம் லாம்ப்டன், இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்தவர். காவிரிப் படுகை தட்டை, பனையும் தென்னையும் பார்வையை மறைக்கும். ஆகவே கோவில் கோபுரங்களின் மேல் கருவியை ஏற்றி அளந்தார். 1808இல் தஞ்சைப் பெரிய கோவிலில் ஏற்றும்போது கயிறு பிசகி, பெரிய தியோடலைட் சுவரில் மோதிச் சிதைந்தது. அதை அவரே நாள்கணக்கில் உட்கார்ந்து சரிசெய்தார். உயரமான கல்லும் கண்ணாடி லென்ஸும் சேர்ந்த கதை இந்தப் பக்கத்தில் பழையது.

இரண்டாம் ஏற்றம் ஆடியில். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேர்ந்த பிறகு. அன்று காற்று அதிகம். முழங்கையை ஊன்றியும் உருவம் ஆடியது. கழுத்துப் பட்டையை இறுக்கி, கருவியை நெற்றியோடு அழுத்தினால் ஆட்டம் பாதியாகக் குறைகிறது. அன்றுதான் முன்லென்ஸின் மூடி ஒன்று கழன்று பாறையில் உருண்டு போய்விட்டது. மூடிகள் தளர்வாகவே வந்தவை. நூல் கட்டி வைத்திருக்கவேண்டும். கடைக்குத் தொலைபேசியில் கேட்டேன். மூடி தனியாகக் கிடைக்காது என்று இரண்டு நிமிடத்தில் பேச்சை முடித்துவிட்டார்கள். ஒன்பதாயிரம் ரூபாய் பொருளுக்கு முப்பது ரூபாய் ரப்பர் மூடி தர முடியாத சேவை நல்ல சேவை ஆகாது. இப்போது பேத்தி தைத்துக் கொடுத்த துணி உறை போட்டிருக்கிறேன்.

ஆனால் ஆறு. கரைக்குக் கரை தளும்பிக்கொண்டு, செம்மண் நிறத்தில். பாலம் அரை கிலோமீட்டருக்குச் சற்று மேல். லென்ஸுக்குள் ஒரே நேரத்தில் அதில் மூன்றில் ஒரு பங்குதான் அடங்கும். இடமிருந்து வலம் மெதுவாக நகர்த்திக்கொண்டே போனேன். தூணில் மோதும் இடத்தில் நீர் எழும்பி, வெள்ளை நுரையாகப் பிரிந்து, பின்னால் சுழித்து மீண்டும் ஒன்றாவது வரை தெரிந்தது. சித்திரையில் பார்த்த கறைக்கோடுகளில் கீழே இருந்த இரண்டு மூழ்கிப்போயிருந்தன. இந்தச் சாலைப் பாலம் 1976இல் வந்தது. திறந்த புதிதில் நான் சைக்கிளில் போயிருக்கிறேன். 2022இல் பழுதுபார்க்க மூடிச் சில மாதங்கள் அடைத்திருந்தபோது ஸ்ரீரங்கத்துக்காரர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். பாலத்துக்கு இந்தப் பக்கம் உள்ள இடத்தின் பெயர் ஓடத்துறை. இப்போது அங்கே ஓடமும் இல்லை, துறை என்று சொல்லத்தக்க ஆள்நடமாட்டமும் இல்லை. பஸ் நடத்துநர் வாயில் மட்டும் அந்தப் பெயர் நாளுக்கு நூறு முறை வருகிறது.

அக்கரையில் அம்மா மண்டபம். இங்கிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர். படிகளில் ஆட்கள் வண்ணப் புள்ளிகளாக அசைந்தார்கள். ஒரு பெண் குனிந்து எதையோ நீரில் விட்டுவிட்டு நிமிர்ந்தாள். பூவாக இருக்கும், காதோலை கருகமணியாக இருக்கும், அந்தத் தூரத்தில் எனக்குத் தெரியவில்லை. குனிந்ததும், இரு கையாலும் விட்டதும், பிறகு கையெடுத்ததும் தெளிவாகத் தெரிந்தன. என் அம்மா ஆடிப் பதினெட்டன்று இதே ஆற்றில் இதேபோலக் குனிவாள். நான் பைனாகுலரை இறக்கிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி எடுக்க முடிந்தது.

கல்வெட்டில் சொன்ன சோலை மாலையைத் தேடினேன். தீவின் தென்கரையில் துண்டு துண்டாகத் தென்னை இருக்கிறது. நடுவே மொட்டை மாடிகள், நீலத் தண்ணீர்த் தொட்டிகள், அடுக்குமாடிகள், செல்பேசிக் கோபுரங்கள். மாலையில் பூ உதிர்ந்து நாரும் சேர்ந்து தெரிவதுபோல. திருவானைக்காவல் பக்கம் இன்னும் கொஞ்சம் அடர்த்தி இருக்கிறது. அந்தப் பசுமையின் மேல் கோபுரம் நிற்பதைப் பார்க்கும்போது, என் ஏழு வயதில் ஸ்ரீரங்கம் முழுவதும் இப்படித்தான் இருந்தது என்று பேத்திக்குச் சொன்னேன். அவள் லென்ஸை அங்கேயே வெகுநேரம் வைத்திருந்தாள்.

வாங்க நினைப்பவர்களுக்கு மிச்ச விஷயங்கள். கண்ணாடி போட்டவர்கள் கண்குமிழை உள்ளே திருகி அழுத்திவிட்டுப் பார்க்கலாம். முழு வட்டமும் தெரிகிறது. வலது கண் குழலில் ஒரு வளையம் இருக்கும், இரு கண்ணுக்கும் பார்வை வேறு வேறாக இருந்தால் அதைச் சரிசெய்ய. புரை அறுவை ஆனவர்கள் அதை முதலில் சரிசெய்யாமல் பார்த்தால் தலைவலி வரும். இடது கண்ணால் நடுச் சக்கரத்தில் குவித்துவிட்டு, பிறகு வலது கண்ணை மட்டும் திறந்து அந்த வளையத்தைத் திருப்பவேண்டும். என் கருவியில் அந்த வளையம் இறுக்கமாக இல்லை, பையில் உராய்ந்தாலே நகர்ந்துவிடுகிறது. எண் குறித்து வைத்துக்கொண்டேன். நடுச் சக்கரம் முதல் மாதம் விரலை வலிக்க வைத்தது, இப்போது இளகிவிட்டது. கழுத்துப் பட்டை மெலிது. அரை மணி நேரத்தில் கழுத்தில் கோடு விழும். அகலப் பட்டை ஒன்று தனியாக வாங்கிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் ஊரின் மேல் அனல் அலை எழுந்து உருவம் கலங்கும். அது கருவியின் குற்றம் இல்லை, எந்த விலைக் கருவியிலும் அப்படித்தான்.

நேரத்தைப் பற்றி ஒரு தொழில் குறிப்பு. நம் ஊர் அட்சரேகை பதினொரு பாகைக்குச் சற்றுக் குறைவு. சித்திரையிலிருந்து ஆவணி வரை சூரியன் வடகிழக்கில் உதிப்பதால் காலையில் ராஜகோபுரத்தின் தென்முகம் நிழலில் கிடக்கும். சிற்பங்களின் நிறம் எடுக்காது, கலசங்கள் கரிக்கோடாகத் தெரியும். நான் போன இரண்டு முறையும் அப்படித்தான். மார்கழி, தையில் சூரியன் தென்கிழக்கில் இருக்கும். வெயில் நேராகத் தென்முகத்தில் விழும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது. ஆகவே பொங்கலிலிருந்து இரண்டு வாரம், ஆற்றில் நீரும் கோபுரத்தில் வெளிச்சமும் சேர்ந்து கிடைக்கும். ஆடிக்காற்றும் அப்போது இருக்காது. மூடுபனி விலகி ஏழரை மணி ஆகும்போது உச்சியில் இருக்கவேண்டும் என்று பேத்தியிடம் சொல்லியிருக்கிறேன். பள்ளி விடுமுறை நாளைப் பார்த்து அவளே நாட்காட்டியில் வட்டம் போட்டுவிட்டாள்.